மீன்காரரின் ஹாரனைப் பதிவு செய்தவர்

காலை எட்டு ஐம்பத்திரண்டு. முதலில் பார்த்தது ஒரு கையை. விரல் நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல வெளுத்துச் சுருங்கியிருந்தன. மணிக்கட்டைச் சுற்றி ரப்பர் அழுத்திய சிவப்புக் கோடு. மிஸ் வருகைப் பதிவேட்டிலிருந்து ஒரு பெயரைப் படித்தார். பதில் இல்லை. அவர் தலையை நிமிர்த்தத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கை மேலே எழுந்தது.

"பிரசன்ட், மிஸ்."

புஞ்சாக் ஆலாமில் கடைவரிசை ஒன்றின் இரண்டாம் மாடியில் இருந்த சிறிய தனியார் கல்லூரி அது. கீழே டயர் கடை. ஊடகப் படிப்பில் நாங்கள் பதினான்கு பேர். முதல் தவணை முழுக்க சினிமாவின் அடிப்படைப் பாடங்கள்: கேமரா, வெளிச்சம், ஒலி, எடுத்ததை வெட்டி ஒட்டுவது. மிஸ் தொலைக்காட்சியில் பல வருடம் வேலை பார்த்தவர். பாடத்தை ஆங்கிலத்தில் நடத்துவார். எங்களைத் திட்ட மட்டும் தமிழுக்கு வருவார்.

கையைத் தூக்கியவருக்கு முப்பது வயதாவது இருக்கும். மற்றவர்கள் எல்லோரும் பள்ளி முடித்து நேராக வந்தவர்கள். அதனால் அவரை அக்கா என்றோம். பதிவேட்டில் இருந்த பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவருடைய பெயர் அல்ல. அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. வேறொருவருடைய இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அது வெளியே தெரிந்தால் அடுத்த வகுப்புக்குக்கூட வர முடியாது. இது எனக்கு ஏழாவது வாரத்தில்தான் தெரிந்தது. அதுவரை தெரிந்தது ஒன்றுதான்: இந்த அக்கா கேமராவுக்கு முன்னால் வருவதில்லை.

மூன்று விளக்குப் பாடத்தில் அதை முதலில் கவனித்தேன். முகத்துக்கு ஒரு விளக்கு, நிழலைக் குறைக்க ஒன்று, பின்னாலிருந்து முடியோரத்தில் கோடு விழ ஒன்று. ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார வேண்டும், மற்றவர்கள் விளக்கை நகர்த்திப் படம் எடுக்க வேண்டும். அக்காவின் முறை வந்தது. நாற்காலியில் நாலைந்து தடித்த புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் தன்னுடைய மோட்டார் ஹெல்மெட்டை வைத்தார்.

"என்னக்கா, நீங்க உக்காரலயா?" என்றான் கபிலன்.

"இது அசையாது லா. கண்ண சிமிட்டாது. ஒன்ன மாதிரி நடுவுல போன நோண்டாது."

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். ஹெல்மெட்டின் கண்ணாடி முகத்தைவிடச் சிக்கலாக இருந்தது. விளக்கை எங்கே வைத்தாலும் அதில் நாங்கள் தெரிந்தோம். ஐந்து முறை இடம் மாற்றினோம். நல்ல பயிற்சி என்று மிஸ் பாராட்டினார். நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடியில் தெரிந்த மாணவர் தலைகளை எண்ணினேன். பதின்மூன்று. அக்கா விளக்குக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறார்.

அதன் பிறகு தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். வகுப்பின் வாட்ஸாப் குழுவில் படப்பிடிப்புப் படங்கள் நாள்தோறும் வரும். அவற்றில் அவருடைய முதுகு இருக்கும், முழங்கை இருக்கும், மைக் கம்பு இருக்கும். முகம் இராது. கழுத்தில் தொங்கிய மாணவர் அட்டையில், படம் இருக்க வேண்டிய இடத்தில் மயில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. யாராவது கேட்டால், "முருகனுக்கு வேண்டுதல்" என்பார். என்ன வேண்டுதல் என்று கேட்டால், "சொன்னா பலிக்காது" என்பார்.

எங்கள் குழுவில் மூன்று பேர். கபிலன் இயக்கம், நான் கேமரா, அக்கா ஒலி. கபிலன் ரவாங்கிலிருந்து அப்பாவின் காரில் வருபவன். அவனிடம் வாரத்துக்கு ஒரு சந்தேகம் புதிதாக இருக்கும்.

"ஆ லோங்குக்குப் பயந்து ஒளிஞ்சிருக்காங்கடா."

"கடன்காரனுக்குப் பயந்தவங்க காலேஜுக்கா வருவாங்க?"

"அப்ப புருசன். இல்லன்னா போலீசு. நீதான் பேப்பர்ல சேரப் போறவனாச்சே, கண்டுபிடியேன்."

அக்கா பெஸ்தாரி ஜெயா பக்கம் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்ட் பார்த்தார். வேலை முடிந்து மோட்டாரில் நேராக வகுப்புக்கு வருவார். தூங்கி வழிந்து நான் பார்த்ததில்லை. வந்ததும் போனை மேசையில் கவிழ்த்து வைத்து வகுப்பைப் பதிவு செய்வார். ஷிப்டில் ஒரு காதில் அதை ஓடவிட்டு வேலை பார்ப்பாராம். மிஸ் ஒரு முறை சொன்னதை அவர் நான்கைந்து முறை கேட்டிருப்பார். எங்களில் சிலர் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

ஒலிப் பாடம் தொடங்கியதும் அவரிடமிருந்து ஹெட்போனை வாங்க முடியவில்லை. கல்லூரியில் மைக் கம்பு ஒன்றுதான் இருந்தது. அதற்கு எல்லாக் குழுக்களும் சண்டை போட்டன. அக்கா ஒரு நாள் அலுமினியக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். செம்பனைக் குலை வெட்டும் நீளமான கம்பை அளவாக அறுத்தது. எங்கே கிடைத்தது என்று கபிலன் கேட்டதற்கு, "மரத்துலயா காய்க்கும், யாரோ குடுத்தாங்க" என்றார். காற்று மைக்கில் அடிக்காமல் இருக்க, எதை எடுத்தாலும் ரெண்டு வெள்ளி என்று விற்கும் கடையில் வாங்கிய பஞ்சு மிதியடியை வெட்டி உறை தைத்திருந்தார். கல்லூரியின் உறையைவிட அது நன்றாக வேலை செய்தது.

சாலையோரம் படம் எடுக்கும்போது கையைத் தூக்கி, "லோரி வருது" என்பார். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. இருபது நொடி கழித்து லோரி வரும். ஒவ்வோர் இடத்திலும் படம் எடுத்து முடித்ததும், "ஒரு நிமிசம் யாரும் பேசாதீங்க" என்பார். அந்த இடத்தின் வெறும் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது பாடத்தில் உள்ளதுதான். மற்ற குழுக்கள் பத்து நொடியில் முடித்துவிடும். அக்கா கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எடுப்பார். கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அந்த ஒரு நிமிடத்தில் நான் அவர் முகத்தைத் தடையில்லாமல் பார்த்தேன். மற்ற நேரங்களில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐந்தாவது வாரம் மிஸ் ஒரு வேலை கொடுத்தார். ஆவணப்படம் எடுப்பவருக்கு முதலில் கண் வேண்டும் என்றார். ஒரு மனிதரைப் பத்து நாள் கவனித்து இரண்டு பக்கம் எழுத வேண்டும். அவருக்கு அது தெரியக் கூடாது. பெயர் வேண்டாம், கருத்து வேண்டாம், கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் மட்டும். கபிலன் டயர் கடைக்காரரைத் தேர்ந்தெடுத்தான். நான் அக்காவை.

ஹெல்மெட்டை எழுதினேன். மயில் ஸ்டிக்கரை எழுதினேன். வருகை எடுக்கும்போது பெயர் ஒலித்துக் கை எழுவதற்கு ஒன்றரை நொடி ஆகிறது, மற்றவர்களுக்கு அரை நொடிகூட ஆவதில்லை என்று எழுதினேன். பின்னாலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் அவர் திரும்புவதில்லை, அக்கா என்றால் உடனே திரும்புகிறார் என்பதையும் சேர்த்தேன். ஏழாவது வாரம் திங்கட்கிழமை காலை மிஸ்ஸின் மேசையில் வைத்தேன்.

அந்த வாரம் புதன்கிழமை எங்கள் குழுவின் படப்பிடிப்பு. பாசிர் பெனாம்பாங்கில் மீன் எடுத்து, மோட்டாரில் பெட்டி கட்டி, தோட்டம் தோட்டமாக விற்கும் ஒருவரைப் பற்றி ஐந்து நிமிடப் படம். யோசனை அக்காவுடையது. ரப்பர் உருண்டையை அமுக்கி ஊதும் பழைய ஹாரன் ஒன்று அவரிடம் இருந்தது. அதுதான் படம் என்றார் அக்கா.

மூன்று தோட்டம் அவர் பின்னாலேயே போனோம். மூன்றாவதில் அக்கா, "இங்கயே போதும். ஆள் இருக்கு, வெளிச்சம் இருக்கு" என்றார்.

கபிலன் மீன்காரரிடம் கேட்டான். "அண்ணே, எங்க நெறைய பேரு வருவாங்க?"

"கடைசி தோட்டத்துலதான் தம்பி. அங்கதான் பெட்டி காலியாகும்."

"அப்ப அங்கதான்."

"வெயில் ஏறிடும்," என்றார் அக்கா.

"டைரக்டர் யாருக்கா?"

அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

கடைசித் தோட்டத்து வாசலில் தடுப்புக் கம்பம் இருந்தது. காவலுக்கு இருந்த ஜாகா எங்கள் இருவருடைய ஐசி அடையாள அட்டையையும் வாங்கி, நம்பரை எழுதிக்கொண்டு டிராயரில் போட்டார். பின்னால் வந்த அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கம்பத்தைத் தூக்கிவிட்டு, "பசியாறியாச்சா?" என்றார்.

"ஜாகாவத் தெரியுமாக்கா?" என்றேன்.

"அவரு எல்லாரையும் அப்படித்தான் கேப்பாரு."

எங்களைக் கேட்கவில்லை.

லயத்து வீடுகளின் வரிசைக்கு முன்னால் மீன்காரர் ஹாரனை அமுக்கினார். அக்கா பக்கத்தில் நின்று பதிவு செய்தார். கேட்டுப் பார்த்தோம். சத்தம் பிய்ந்து, கத்தலாக இருந்தது. தள்ளி நின்று எடுத்தார். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"நல்லாத்தானே இருக்கு?" என்றான் கபிலன்.

"நாம தப்பான எடத்துல நிக்கிறோம். இந்தச் சத்தம் ரோட்டுல நிக்கிறவனுக்கு இல்ல. அடுப்படியில இருக்குறவங்களுக்கு. அங்கயிருந்து கேட்டாத்தான் இது ஹாரன். இங்கயிருந்து கேட்டா வெறும் எரச்சல்."

மீன்காரரைத் தெருமுனைக்குத் திரும்பிப் போய் மறுபடி வரச் சொன்னார். கபிலன் அவரோடு போனான். அக்கா வரிசையில் மூன்றாவது வீட்டுப் பின்கதவை, கூப்பிடாமல், தட்டாமல், தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கேமராவோடு நானும் பின்னால் போனேன். வர வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உள்ளே ஓர் அம்மா குழாயடியில் கீரை அலசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "யாரு பெரியவளே இது?" என்றார்.

"கூடப் படிக்கிற தம்பிம்மா. கொஞ்ச நேரம் பேசாம உங்க வேலையப் பாருங்க."

ரெக்கார்டரை அரிசி டப்பாவின் மேல் வைத்தார். தண்ணீர் ஓடியது. தொலைவில் ஹாரன். ஒரு நாய். மறுபடி ஹாரன், கொஞ்சம் கிட்டே. அந்த அம்மா குழாயை மூடினார். வீடு அமைதியானது. மூன்றாவது முறை ஹாரன் கேட்டது, ஜன்னல் வழியாக, தெளிவாக. அக்கா கண்ணை மூடியிருந்தார்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டம் போட்ட படம். பள்ளிச் சீருடையில் ஒரு பெண், கையில் ஏதோ பரிசு. மார்பில் தைத்த பெயர்ப் பட்டையில் எங்கள் வகுப்புப் பதிவேட்டில் இருந்த அதே பெயர், தகப்பன் பெயரோடு. முகம் வேறு. அதே நெற்றி, அதே மூக்கு, ஆனால் பத்து வயது குறைந்த வேறொரு பெண்.

"அது சின்னவ," என்றார் அந்த அம்மா, நான் பார்ப்பதைக் கண்டு. "பினாங்குல நர்சுக்குப் படிக்கிறா. நீங்க தே தண்ணி குடிக்கிறீங்களா தம்பி?"

வெளியே வந்ததும் அக்கா மோட்டாரில் சாய்ந்து நின்றார். "பாத்துட்ட."

"என்னத்தக்கா?"

"நடிக்காத தம்பி. செவுத்தப் பாத்த. அப்பறம் என்னையப் பாத்த. மறுபடியும் செவுத்தப் பாத்த."

அவரே சொன்னார். தங்கைக்கு இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்து, சேர்ந்து, எல்லாம் முடிந்துவிட்டது. வகுப்புத் தொடங்குவதற்கு முதல் நாள் பினாங்கிலிருந்து நர்ஸ் படிப்புக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள். பெயரை வெட்டச் சொல்ல அக்கா வந்திருக்கிறார்.

"தங்கச்சியோட அட்டையத்தான் நீட்டினேன், திருப்பிக் குடுக்கலாம்னு. கவுண்டர்ல இருந்த பொண்ணு படத்தப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு, 'கிளாஸ் மேல'ன்னுச்சு. ஏறிட்டேன்."

"உங்க பேருல சேந்திருக்கலாமேக்கா?"

"நான் ஸ்கூல்ல மூனாம் பாரத்தோட நின்னுட்டேன். எஸ்பிஎம் பரீட்ச எழுதாம யாரு சேப்பாங்க?" ஹெல்மெட் வாரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். "எனக்குச் சர்டிபிகேட் வேணாம். அதுல அவ பேருதான் இருக்கும். சத்தத்த ஒட்டுற பாடம் இன்னும் வரல. அது முடியட்டும், இந்தப் படம் முடியட்டும், நானே நின்னுருவேன். இன்னும் ஏழு வாரம். யார்கிட்டயும் சொல்லிராத."

"சொல்ல மாட்டேன்க்கா."

அப்போது யாரிடமும் சொல்லவில்லை. கபிலனிடம்கூட.

வியாழக்கிழமை மிஸ்ஸின் அறைக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கட்டுரையை இன்னும் ஒரு முறை திருத்தித் தருகிறேன் என்று கேட்டு வாங்கியிருக்கலாம். மிஸ் மறுத்திருக்க மாட்டார். அதில் பெயர் இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் சொன்ன கதையையும் யோசித்தேன். கவுண்டர் பெண் படத்தைப் பார்த்தும் ஏமாந்தாள் என்பது நம்பும்படியாக இல்லை. கேட்காமலே இவ்வளவு விவரமாகச் சொல்பவர் அதை முன்பே தயார் செய்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அதோடு, அதுவரை நான் எழுதியவற்றில் அதுதான் நல்ல கட்டுரை. கதவைத் தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மிஸ் உற்சாகமாக வந்தார். ஒருவர் மட்டும் சொன்னபடி எழுதியிருக்கிறார், கேளுங்கள் என்று படிக்க ஆரம்பித்தார். ஹெல்மெட் வந்ததும் வகுப்பு முழுவதும் அக்காவின் பக்கம் திரும்பியது. கைதட்டல். அக்காவும் சிரித்தார். மயில் ஸ்டிக்கர் வந்தபோது யாரோ, "என்ன வேண்டுதல்னு இப்பவாவது சொல்லுங்கக்கா" என்றார்கள். ஒன்றரை நொடிக்கு வந்ததும் மிஸ்ஸின் குரல் மெதுவானது. பெயரைச் சொன்னால் திரும்புவதில்லை என்ற வரியைப் பாதியில் நிறுத்தினார். தாளை மடித்தார்.

"மிச்சத்த அப்பறம் பாப்போம்," என்றார். அதைத் தமிழில் சொன்னார்.

பத்து முப்பதுக்கு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அக்காவைக் கூப்பிட்டார். பன்னிரண்டு நிமிடம் உள்ளே இருந்தார். என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. அதன் பிறகு கீழே போனார். டயர் கடைப் பக்கம் போனைக் காதில் வைத்து நிற்பதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். பதினொன்று பத்துக்கு எடிட்டிங் அறைக்கு வந்தார். கழுத்தில் அட்டை இல்லை. பென் டிரைவைக் கபிலன் முன்னால் வைத்தார்.

"அடுப்படி மூனாவது ஃபைல். கொழாய மூடுற எடத்துல வெட்டிராத. சத்தத்தக் கூட்டிராத. இருக்குறது போதும்."

"எங்கக்கா போறீங்க? மத்தியானம் எடிட்டிங் இருக்கே."

"நீங்க பாருங்க கபிலு."

பிறகு என்னிடம் திரும்பினார். "ஒன்றர நொடின்னு எழுதியிருக்க."

நான் நிமிரவில்லை.

"மொத நாள் கிளாஸ போன்ல வச்சிருக்கேன். இப்பத்தான் கீழ நின்னு எண்ணிப் பாத்தேன். அவ்வளவு இல்ல. முக்கா நொடிதான். நீ தப்பா எண்ணியிருக்க."

"அக்கா, நான் அத முன்னாடியே குடுத்துட்டேன். நீங்க சொல்றதுக்கு முன்னாடி."

"தெரியும். ஆபீஸ்ல காட்டுனாங்க. திங்கக்கிழம தேதி போட்டிருந்துச்சு." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "புதன்கிழமைக்கு அப்பறம் முழுசா ஒரு நாள் இருந்துச்சு தம்பி."

அவர் கதவைச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டு போனார். நடந்ததை நான் சொன்னதும் கபிலன் முதலில் செய்தது, சாமான் அலமாரியைத் திறந்து மைக்குகளை எண்ணியது. எல்லாம் இருந்தன.

பிறகு நான் பத்திரிகையில் சேர்ந்தேன். யார் எதைச் சொன்னாலும் இன்னொரு வாயால் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று அங்கே முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள். அக்கா சொன்னதை நான் சரிபார்த்ததில்லை. பினாங்குக்கு வேலையாகப் பலமுறை போயிருக்கிறேன். பெஸ்தாரி ஜெயா வழியாகக் கோலா சிலாங்கூருக்குப் போகாத மாதம் இல்லை. அந்தத் தோட்டத்து வாசலில் நிறுத்தி, மூன்றாவது வீட்டு அம்மாவிடம் உங்கள் பெரிய மகளின் பெயர் என்ன என்று கேட்கப் பத்து நிமிடம் போதும்.

பதினான்காவது வாரம் படத்தை ஒப்படைத்தோம். கபிலன் குழாயை மூடும் இடத்தில் வெட்டவில்லை. திரையிடலில் அந்த இடம் வந்தபோது அறையில் யாரும் அசையவில்லை. மிஸ் விளக்கைப் போடாமல் அந்தப் பகுதியை இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். வகுப்பில் ஒலிக்கு அதிக மதிப்பெண் எங்கள் படத்துக்குத்தான் கிடைத்தது. படத்தின் முடிவில் வரும் பெயர்களில் பதிவேட்டில் உள்ள மாணவர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்பது கல்லூரியின் விதி. ஒலிப்பதிவு என்ற சொல்லுக்கு எதிரே என் பெயர் இருக்கிறது.